ஒரே வைஃபை, நாலு குடித்தனம்: ஃபயர்வால் எங்கே நிற்கிறது?

"அக்கா, நெட் பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, மாசம் இருநூறு குடுத்துர்றேன்." சேலத்தில் லைன் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. அம்மாபேட்டை, குகை, சூரமங்கலம் பக்கமெல்லாம் ஒரு காம்பவுண்டுக்குள் நாலைந்து குடித்தனம் இருக்கும். ஃபைபர் இணைப்பு மட்டும் வீட்டுக்காரர் பெயரில் ஒன்று. கீழ் வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர், மாடியில் கல்லூரிப் பையன்களின் லேப்டாப்கள், பக்கத்துப் போர்ஷனில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணின் கம்பெனி லேப்டாப், வாசல் கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, இரண்டு ஸ்மார்ட் டிவி, பத்துப் பதினைந்து போன். அத்தனையும் ஒரே பெட்டியில், ஒரே பாஸ்வேர்டில்.

பெட்டி மாட்ட வருகிறவரிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "ரவுட்டர்லயே ஃபயர்வால் இருக்குங்க, பயமில்லை" என்பார். ஃபயர்வால் என்பது வேண்டாத நெட்வொர்க் போக்குவரத்தைத் தடுக்கும் காவல். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஃபயர்வால் எதற்கும் எதற்கும் நடுவில் நிற்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காம்பவுண்டு கேட்டில் பூட்டு இருக்கிறது என்பதற்காக லைன் வீட்டில் யாரும் தங்கள் நிலைக்கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவதில்லை. ரவுட்டரில் இருப்பது கேட்டுப் பூட்டு. நிலைக்கதவுப் பூட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக இருக்க வேண்டும். கூட்டு இணைப்பில் நடக்கும் கெடுதலில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது.

காரணம் பெட்டியின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. கம்பெனிக்காரர் சுவரில் மாட்டும், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்குள்ளேயே ரவுட்டரும் இருக்கிறது. அதன் பின்புறத்தில் உள்ள லேன் போர்ட்டுகளும் (கேபிள் செருகும் ஓட்டைகள்) வைஃபையும் உள்ளே ஒரே சுவிட்சில் (சாதனங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பகுதி) போய்ச் சேர்கின்றன. மாடி லேப்டாப்புக்கு 192.168.1.12 என்ற எண், கீழே இருக்கும் கணக்குக் கம்ப்யூட்டருக்கு 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பதால், 'இது நம் தெருவிலேயே இருக்கிறது' என்று லேப்டாப் முடிவு செய்யும். உடனே, "192.168.1.5 யார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும், இதற்கு ஏஆர்பி என்று பெயர். பதில் வந்ததும் சுவிட்ச் வழியாக நேராகப் பேசத் தொடங்கிவிடும். ரவுட்டரின் ஃபயர்வால் விதிகள் ஒரு பாக்கெட் (தகவல் பொட்டலம்) வேறு நெட்வொர்க்குக்குத் தாண்டும்போதுதான் பார்க்கப்படுகின்றன. இங்கே எதுவும் தாண்டவில்லை. ஆகவே ஃபயர்வால் அளவை 'லோ'விலிருந்து 'ஹை'க்கு மாற்றினாலும் மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் ஒன்றும் மாறாது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஏஆர்பி கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், சரிபார்க்க ஆளில்லை. ரவுட்டரின் எண் 192.168.1.1 என்றால், "192.168.1.1 நான்தான்" என்று ஒரு லேப்டாப் பொய் சொன்னால், மற்றவர்களின் போக்குவரத்து அதன் வழியாகச் சுற்றிப் போகும். வங்கித் தளங்கள் குறியாக்கத்தோடு வருவதால் பாஸ்வேர்டு அப்படியே கையில் சிக்கிவிடாது. ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது தெரியும். குறியாக்கம் இல்லாத பழைய டிவிஆர் பக்கம், பிரின்டர் பக்கம் போன்றவற்றின் பாஸ்வேர்டு அப்படியே தெரியும்.

2017 மே 12-ஆம் தேதி உலகம் முழுக்கப் பரவிய வன்னாக்ரை இதற்கு நல்ல பாடம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது; தானாகவே பரவும் புழு வகை. விண்டோஸில் ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி சேவை 445-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். இந்தப் போர்ட் கேபிள் ஓட்டை இல்லை, ஒவ்வொரு சேவைக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண்ணிட்ட வாசல். அதில் இருந்த ஓட்டையைத்தான் அது பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அது பரவிய விதம். ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்ததும், அதே சப்நெட்டில் (முன்பு சொன்ன ஒரே தெருவில்) உள்ள மற்ற எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. 445 திறந்திருந்த இடமெல்லாம் நுழைந்தது. யாரும் எதையும் க்ளிக் செய்யத் தேவையில்லை. வாசல் ஃபயர்வால் எவ்வளவு பலமாக இருந்தாலும் வெளியே போய்விட்டு வைரஸோடு திரும்பி வரும் ஒரு லேப்டாப் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் நடுவில் தினமும் லேப்டாப் சுமக்கிற பையன்கள் இருக்கும் மாடியில் இது எந்த நாளும் நடக்கலாம்.

கேட்டில் இருக்கும் ஓட்டைகள்

உள்ளே போகுமுன் கேட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 192.168-இல் தொடங்கும் எண்கள் தனிப்பயனுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. உள்ளே இருபது சாதனங்கள் இருந்தாலும் வெளியே ஒரே எண்ணில் தெரிவதற்காக ரவுட்டர் செய்யும் மொழிபெயர்ப்புக்கு நாட் என்று பெயர். உள்ளிருந்து ஒருவர் கேட்டால்தான் வெளியிலிருந்து பதில் வரும். கேட்காமல் வருவதை யாருக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் கீழே போட்டுவிடும். எண் பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த ஏற்பாடு, கூடவே பாதுகாப்பும் தந்தது. பலர் ஃபயர்வால் என்று நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் இந்த நாட் மொழிபெயர்ப்பைத்தான்.

இதுவரை பார்த்த நாலு பகுதி எண்கள் ஐபிவி4 என்ற பழைய முறை. புதிய முறையான ஐபிவி6-இல் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் முழுதும் செல்லும் சொந்த எண் கிடைக்கிறது, மொழிபெயர்ப்பு தேவையில்லை. இந்தியாவில் பெரிய நிறுவனங்களின் இணைப்புகளில் ஐபிவி6 தானாகவே வருகிறது. விண்டோஸில் கமாண்ட் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால், 2-இல் தொடங்கும் நீளமான எண் ஒன்று தெரிந்தால் உங்களுக்கும் வந்திருக்கிறது என்று பொருள். அதுவே 'எஃப்இ80' என்று தொடங்கினால் வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரு வீட்டுக்குத் தரப்படும் மிகச் சிறிய ஐபிவி6 தொகுதியிலேயே சுமார் 1.8 லட்சம் கோடி கோடி எண்கள் உண்டு. வெளியாள் வரிசையாகத் தட்டித் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் நீங்கள் ஒரு தளத்துக்குப் போகும்போது உங்கள் எண்ணை அந்தத் தளம் பார்க்கிறது. எனவே ஓஎன்டி பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் என்ற தனி வரி இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கும் பெட்டிகளில் இரண்டாவதைத்தான் மறந்துவிடுவார்கள்.

அடுத்தது யுபிஎன்பி. உள்ளே இருக்கும் எந்தச் சாதனமும் ரவுட்டரிடம், "வெளியிலிருந்து இந்தப் போர்ட்டுக்கு வருவதை எனக்கு அனுப்பு" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதி. பாஸ்வேர்டு கேட்காது. கேம் ஆடுபவர்களுக்கும் சில கேமராக்களுக்கும் வசதியாக இருக்கும். நாலு குடித்தனம் சேர்ந்த நெட்வொர்க்கில், மாடியில் ஒரு போனில் புகுந்த கெட்ட ஆப் கேட்டைத் திறந்துவிட்டால் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அணைத்துவிடுவதே சரி. அணைத்தபின் ஏதாவது கேம் தகராறு செய்தால், அதற்கு வேண்டிய போர்ட்டை மட்டும் கையால் திறந்து கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கேமரா டிவிஆருக்காகத் திறக்கப்படுவதுதான். ஊருக்குப் போனாலும் போனில் வாசலைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். மாட்டுகிறவர் அவசரத்தில் இருந்தால், எந்தப் போர்ட் என்று தேடாமல், டிஎம்இசட் என்ற இடத்தில் டிவிஆரின் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வேறு யாருக்கும் சேராமல் வெளியிலிருந்து வரும் எல்லாம் இனி அந்த டிவிஆருக்கே போகும். படம் போனில் தெரிகிறது, வேலை முடிந்தது. ஆனால் டிவிஆர் என்பது பழைய லினக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். 2016-இல் மிராய் என்ற நிரல், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் டெல்நெட் என்ற பழைய சேவையின் 23, 2323 ஆகிய போர்ட்டுகளில் தட்டி, கம்பெனி வைத்த அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) மீது நடந்த தாக்குதலில் இப்படிப்பட்ட சாதனங்கள்தான் பயன்பட்டன. பிடிபட்ட டிவிஆர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: உங்கள் கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் அதே சுவிட்சில். வெளியாள் அங்கே வந்துவிட்டால், மேலே சொன்னபடி, நடுவில் ஃபயர்வால் இல்லை.

ஓஎன்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (பெட்டியின் வெளிப்பக்க எண்) என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் எண் இருந்தால், கம்பெனியே பல வீடுகளைச் சேர்த்து ஒரு பெரிய நாட் அமைப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இணைப்பில் போர்ட் திறந்தாலும் ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அப்போது மாட்டுகிறவர்கள் டிவிஆரில் க்யூஆர் ஸ்கேன் செய்யும் க்ளவுட் முறையைப் போட்டுத் தருவார்கள். இதில் டிவிஆர் தானே வெளியே போய் கம்பெனி சர்வரோடு கைகோத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளிருந்து கிளம்பிய பேச்சு என்பதால் ஃபயர்வால் தடுக்காது. டிஎம்இசட்டைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் டிவிஆர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் இதுவும் வீண்.

நிலைக்கதவு: விண்டோஸ் ஃபயர்வால்

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவியபோது, இணையத்தில் நேராகச் செருகிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் மளமளவென்று விழுந்தன. எக்ஸ்பியில் ஃபயர்வால் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அணைந்து கிடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் அது தானாகவே ஆனில் இருக்கும்படி செய்தார்கள். அந்த நாள் முதல் ஒவ்வொரு விண்டோஸிலும் நிலைக்கதவு இருக்கிறது. திறந்து வைப்பது நாம்தான், அதுவும் பெரும்பாலும் பிரின்டருக்காக.

எப்படி நடக்கிறது என்று நெருங்கிப் பார்ப்போம். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று குறித்துக்கொள்கிறது. பப்ளிக் என்றால் ஃபைல் பகிர்வு, கண்டுபிடிக்கும் வசதி எல்லாம் மூடியிருக்கும். கீழ் வீட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். ஒரே பிரின்டரை இரண்டும் பயன்படுத்த வேண்டும், கணக்கு ஃபோல்டரையும் இரண்டிலும் திறக்க வேண்டும். பப்ளிக்கில் ஒன்றும் தெரியாது. சரிசெய்ய வருபவர் பிரைவேட்டுக்கு மாற்றுகிறார். இன்னும் தெரியவில்லை என்றால் 'பாஸ்வேர்டு கேட்கும் பகிர்வு' என்பதை அணைக்கிறார். ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' கொடுக்கிறார். அப்போதும் வராவிட்டால் ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார். பிரின்ட் வருகிறது. இப்போது மாடிப் பையனின் லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.1.5 என்று தட்டினால், பட்டறையின் ஐந்து வருடக் கணக்கும் திறந்த அலமாரி போல நிற்கும். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் இறக்கிய கிராக் சாஃப்ட்வேருக்குள் வந்த ரான்சம்வேர் நல்லதில்லை. எழுத அனுமதி உள்ள பகிர்வு ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் அது பூட்டிவிடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம்: பிரைவேட் நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வுக்கான விதி 'லோக்கல் சப்நெட்' வரைக்கும் அனுமதிக்கிறது. தனி வீட்டில் அது வீடு. லைன் வீட்டில் லோக்கல் சப்நெட் என்றால் காம்பவுண்டு முழுவதும். எனவே அதைச் சுருக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலில் 'ஃபைல் அண்டு பிரின்டர் ஷேரிங்' என்று தொடங்கி 'எஸ்எம்பி-இன்' என்று முடியும் வரியைக் கண்டுபிடியுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ப்ரொஃபைல் கட்டத்தில் பிரைவேட் என்று இருப்பது. அதைத் திறந்து 'ஸ்கோப்' தாவலுக்குப் போய், 'ரிமோட் ஐபி' பகுதியில் லோக்கல் சப்நெட்டை நீக்கிவிட்டு, உங்கள் இரண்டாவது கம்ப்யூட்டரின் எண்ணை மட்டும் சேருங்கள். அதன்பின் மற்ற எண்ணிலிருந்து தட்டினால் கதவு திறக்காது.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். இரண்டாவது கம்ப்யூட்டரின் எண் நாளை மாறிவிட்டால் அதுவும் வெளியே நிற்கும். சாதனங்களுக்கு எண் கொடுக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு எண்ணை ஒதுக்கி வையுங்கள். அடுத்தது, எண்ணை வைத்துத் தடுப்பது கவனக்குறைவையும் புழுக்களையும் நிறுத்தும். வேண்டுமென்றே உங்கள் எண்ணைத் தனக்கு வைத்துக்கொள்பவனை நிறுத்தாது. அதனால் பாஸ்வேர்டு கேட்கும் பகிர்வை ஆனிலேயே வைத்து, 'எவ்ரிஒன்'னை எடுத்துவிட்டு, பெயர் போட்ட ஒரு யூசருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு.

புதிதாக ஒரு மென்பொருள் ஓடும்போது, "இதை நெட்வொர்க்கில் அனுமதிக்கட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும் பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவசரத்தில் கேன்சல் கொடுத்தால் அந்த மென்பொருளுக்குத் தடை விதி எழுதப்பட்டுவிடும். விண்டோஸில் தடை விதியும் அனுமதி விதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். பின்னால் எத்தனை அனுமதி சேர்த்தாலும் வேலை நடக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஃபயர்வாலே கோளாறு என்று நினைத்து மொத்தமாக அணைத்துவிடுவார்கள். செய்ய வேண்டியது, இன்பவுண்ட் ரூல்ஸில் அந்த மென்பொருளின் பெயரில் சிவப்புக் குறியோடு இருக்கும் வரியை நீக்குவது. மாறாக, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக வெப் சர்வர் ஓட்டும் பையன் பிரைவேட், பப்ளிக் இரண்டுக்கும் டிக் போட்டு அனுமதித்தால், அடுத்த ஆறு மாதத்துக்கு அவன் எந்த காபி கடை வைஃபையில் உட்கார்ந்தாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

மேக் வைத்திருப்பவர்களும் உபுண்டு வைத்திருப்பவர்களும் நமக்கு ஃபயர்வால் கவலை இல்லை என்று நினைக்கக்கூடாது. இரண்டிலும் அது உண்டு. ஆனால் வாங்கியபடியே, நிறுவியபடியே விட்டால் அணைந்துதான் இருக்கும். மேக்கில் செட்டிங்ஸில் போயும் உபுண்டுவில் கட்டளை கொடுத்தும் ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டரை விட முடியாத பட்டறைகள் சேலத்தில் நிறைய உண்டு. குறைந்தபட்சம் அதில் பகிர்வு எதுவும் வேண்டாம். நெட்வொர்க்கைப் பப்ளிக் என்றே வைத்திருங்கள்.

பிரித்துக் கொடுப்பது

ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பூட்டினாலும், பூட்டவே முடியாத சாமான்கள் இருக்கின்றன: டிவிஆர், டிவி, பிரின்டர். அவற்றுக்குள் ஃபயர்வால் போட இடமில்லை. ஆகவே நெட்வொர்க்கையே பிரிப்பதுதான் நிலையான வழி.

செலவில்லாத வழி, ஓஎன்டியிலேயே உள்ள கெஸ்ட் வைஃபையைக் குடித்தனக்காரர்களுக்குக் கொடுப்பது. அவர்களுக்கு இணையம் கிடைக்கும். உங்கள் சாதனங்கள் தெரியாது. 'கெஸ்ட்டுகள் உள் நெட்வொர்க்கைப் பார்க்கலாம்' என்ற பொருளில் ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இங்கே பொதுவாக நடக்கும் தவறு, மாடிக்குச் சிக்னல் போதவில்லை என்று எக்ஸ்டெண்டர் வாங்கி மெயின் வைஃபையோடு சேர்ப்பது. எக்ஸ்டெண்டர் ஒரு பாலம். அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாம் உங்கள் சுவிட்சுக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் முறையில் (வைஃபை மட்டும் தரும்படி) போட்டால், அதில் கெஸ்ட் வைஃபை என்று பெயர் தெரிந்தாலும் பல மாடல்களில் பிரிவினை நடப்பதில்லை.

இரண்டாவது ரவுட்டரை ரவுட்டராகவே போடும்போது, கேபிள் எந்த ஓட்டையில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிள் புது ரவுட்டரின் வேன் போர்ட்டில் (வெளிப்பக்க ஓட்டையில்) செருகப்பட வேண்டும். பெரும்பாலும் அது வேறு நிறத்தில் இருக்கும். லேன் போர்ட்டில் செருகினால் இணையம் சில நேரம் வரும், சில நேரம் வராது. ஏனென்றால் ஒரே சுவிட்சில் எண் கொடுக்கும் பெட்டிகள் இரண்டாகி, யார் முந்துகிறார்களோ அவர்கள் எண் கொடுக்கிறார்கள். ஃபயர்வாலும் நடுவில் வராது. சரியாகச் செருகியும் இணையம் செத்துக் கிடந்தால், இரண்டு பெட்டிகளுமே 192.168.1 என்ற தொகுதியைப் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள். புது ரவுட்டரின் லேன் எண்ணை 192.168.20.1 என்று மாற்றினால் ஓடும்.

யாரை உள் பெட்டியில், அதாவது புது ரவுட்டருக்குப் பின்னால், வைப்பது என்பதில் அனுபவமுள்ளவர்களே தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். குடித்தனக்காரருக்குப் புது ரவுட்டர் வாங்கிக் கொடுத்து, தங்கள் கம்ப்யூட்டரை ஓஎன்டியிலேயே வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நாட் உள்ளிருந்து வெளியே போவதை விடும், வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கும். குடித்தனக்காரரின் ரவுட்டருக்கு ஓஎன்டி பக்கம்தான் 'வெளி'. அவர் அங்கிருந்து உங்கள் கம்ப்யூட்டரைத் தாராளமாகத் தட்டலாம். நீங்கள்தான் அவரைத் தட்ட முடியாது. பாதுகாக்க வேண்டியது உள் பெட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்றால் இரண்டு ரவுட்டர் வாங்கி, ஓஎன்டியின் ஒரு லேன் போர்ட்டில் ஒன்றும் இன்னொன்றில் மற்றொன்றும், கவட்டை போல, போட வேண்டும். ஒன்றுக்கு 192.168.10, மற்றதற்கு 192.168.20. ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். சாதாரண ரவுட்டர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணக்கு ஃபோல்டரின் மதிப்போடு பார்த்தால் பெரிய செலவில்லை. இரட்டை நாட் ஆவதால் சில கேம்களும் சில அலுவலக விபிஎன்களும் முரண்டு பிடிக்கலாம். வீடியோ காலுக்கும் படம் பார்ப்பதற்கும் தொந்தரவில்லை.

சொந்த ரவுட்டர் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓஎன்டியைக் கம்பெனி தொலைவிலிருந்தே இயக்குகிறது. அதன் முழு அதிகாரப் பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. அந்தத் தொலை நிர்வாகத்துக்குப் பயன்படும் 7547 போர்ட்டைத் தட்டிய மிராய் வகை ஒன்றால்தான் 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் முடங்கின. ஓஎன்டியை கேட்டுக்கு வெளியே நிற்கும் ஆளாகவே வையுங்கள்.

ஏற்காட்டில்

மலைமேல் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால், எஸ்டேட் பங்களாவும் ஹோம்ஸ்டேயும் ஒரே இணைப்பில் ஓடுவதைப் பார்க்கலாம். சேலத்து லைன் வீட்டில் குடித்தனக்காரர் யாரென்று தெரியும். இங்கே மே மாதக் கோடை விழா சமயத்தில் வாரத்துக்கு வாரம் புது முகங்கள். பாஸ்வேர்டு வரவேற்பு மேசையில் அட்டையாகவே இருக்கும். அதே பெட்டியில் காபி, மிளகுக் கணக்கு வைத்திருக்கும் எஸ்டேட் கம்ப்யூட்டரும், விருந்தினர் அடையாள அட்டைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ஃபோல்டரும் உண்டு. அந்த ஃபோல்டர் மற்றவர்களுடைய ஆதார் நகல். அதைக் காப்பது தங்க வந்தவர்களுக்கு நாம் பட்ட கடன்.

அறையில் டிவிக்குப் போனிலிருந்து படம் அனுப்ப வேண்டும் என்று விருந்தினர் கேட்பார்கள். கெஸ்ட் வைஃபையில் பிரிவினை இருந்தால் போனுக்கு டிவி தெரியாது. உடனே எல்லோரையும் மெயின் வைஃபைக்கு மாற்றிவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஓஎன்டிக்குப் பின்னால் விருந்தினர் ரவுட்டர் ஒன்றைத் தனியாகப் போட்டு, டிவிகளை அதில் சேர்த்துவிடுங்கள். கணக்குக் கம்ப்யூட்டர் வேறொரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கட்டும். டிவி விஷயத்தில் விருந்தினர் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், அது சிறிய சங்கடம். அறைக்கொரு எச்டிஎம்ஐ கேபிள் வைத்தால் அதுவும் தீரும்.

மலையில் கோடை இடிக்குப் பெட்டி போவதும் போர்ட் எரிவதும் பழகிப்போன விஷயம். புதுப் பெட்டி வரும்போது பழைய அமைப்புகள் எதுவும் வராது. யுபிஎன்பி ஆனில், நிர்வாகப் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் இருப்பதே. ஊசியால் ரீசெட் ஓட்டையைக் குத்தினாலும் அப்படித்தான். என்னென்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

இணைப்பு யார் பெயரில்

கூட்டு இணைப்பில் யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது ஒரே எண், அதற்குரிய பெயர் வீட்டுக்காரருடையது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, பாட்நெட்டில் (வெளியாள் கைப்பற்றி இயக்கும் சாதனக் கூட்டத்தில்) சிக்கிய இணைப்புகளை இணைய நிறுவனங்கள் மூலம் எச்சரிக்கிறது. சுத்தம் செய்யும் கருவிகளையும் இலவசமாகத் தருகிறது. அந்த எச்சரிக்கை வரும்போது எந்த வீட்டின் எந்தச் சாதனம் என்று சொல்லாது. அப்போது ரவுட்டரின் சாதனப் பட்டியலைப் பார்ப்பீர்கள். பாதி பெயரில்லாமல் இருக்கும். ஒவ்வொரு சாதனத்தின் நெட்வொர்க் பகுதிக்கும் உள்ள மேக் முகவரியின் (ஆப்பிள் மேக் இல்லை) இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரி; தயாரிப்பாளரை அதில் கண்டுபிடிக்க முடியாது. தரப்புக்கு ஒரு ரவுட்டர் போட்டிருந்தால், எந்தப் பக்கம் என்றாவது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: ஒன்றின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் போதும்.

எல்லாம் செய்தபின் சோதிக்க ஒரு போன் போதும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, குடித்தனக்காரர் அல்லது விருந்தினர் வைஃபையில் சேருங்கள். பிரவுசரில் உங்கள் பிரின்டரின் எண்ணைத் தட்டுங்கள், பிறகு டிவிஆரின் எண்ணை. இரண்டுமே சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் திறக்கவில்லை என்று வந்தால் பிரிவினை வேலை செய்கிறது. அதன்பின் 192.168.1.1 என்று தட்டுங்கள். ஓஎன்டியின் லாகின் பக்கம் இங்கே திறந்தால் ஆச்சரியமில்லை. கவட்டை அமைப்பில் இரு பக்கத்துக்கும் அது தெரியத்தான் செய்யும். ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். உள்ளே விட்டால், மற்ற எதையும் செய்யுமுன் அதை மாற்றுங்கள்.